ஒரு வார்த்தை வாங்கித் தந்த டோஸ்!

1996. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனி. நான் அங்கே கிளார்க். லெட்டர் அடிப்பது, ஃபேக்ஸ் அனுப்புவது என் வேலை. புரொபேஷன் முடிய இன்னும் பதினைந்தே நாள். எனக்கு வேலை நிரந்தரமானதும் தங்கை கல்யாணப் பேச்சை எடுக்கலாம் என்று அப்பா காத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஓர் ஆசை. மானேஜரை இங்கிலீஷில் அசத்த வேண்டும்! பழைய புத்தகக் கடையில் வார்த்தைப் பட்டியல் ஒன்றை வாங்கி, தினம் ஐம்பது வார்த்தை நெட்டுருப் போட ஆரம்பித்தேன்.

கோயமுத்தூர் கஸ்டமர் ஒருவர் நாங்கள் கேட்ட விவரத்தை மறுநாளே அனுப்பினார். சந்தோஷத்தில், "தங்களுடைய 'அஃபீஷியஸ்' பதிலுக்கு நன்றி" என்று இங்கிலீஷில் ஒரு ஃபேக்ஸ் தட்டிவிட்டேன்.

அடுத்த நாள் மானேஜர் ரூமிலிருந்து அழைப்பு. பாராட்டத்தான் என்று நினைத்துச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு போனேன்.

"யோவ், என்னய்யா எழுதினே? 'அதிகப்பிரசங்கித்தனமான பதிலுக்கு நன்றி'ன்னா அந்த ஆள் கொதிக்க மாட்டாரா? நம்ம பெரிய பார்ட்டிய்யா அவர்!"

புத்தகத்தைப் புரட்டினேன். 'வேண்டாத இடத்தில் உதவ முந்துகிற' என்று தெளிவாகத்தான் இருந்தது. ஐம்பதோடு ஐம்பதாக விழுங்கியதில் 'வேண்டாத இடத்தில்' எனக்கு ஜீரணமாகிவிட்டது!

தண்டனை? புரொபேஷன் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

தினமும் ஆவடியில் என்னோடு ரயில் ஏறுவார் ஒரு பெரியவர். ரிடையரான தமிழாசிரியர். வில்லிவாக்கத்தில் டியூஷன். என் முகத்தைப் பார்த்து விசாரித்தார். சொன்னேன். சிரித்துவிட்டார்.

"தப்பா எழுதலே தம்பி, லேட்டா எழுதிட்டே! ஒரு காலத்துல அந்த வார்த்தைக்கு 'உதவும் குணமுள்ள'ன்னு நல்ல அர்த்தமும் இருந்துது. அப்புறம் கெட்டுப் போச்சு. சரி, பள்ளிக்கூடத்துல 'வந்தான்'ங்கிறதைப் பகுதி, விகுதின்னு பிரிச்சிருப்பியே? அதே வித்தைதான் இங்கேயும்."

மறுநாளிலிருந்து பாடம். ஆவடி விட்டால் அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர், பட்டரவாக்கம். நாலு ஸ்டேஷன், நாலு வார்த்தை. அவ்வளவுதான்.

"'மால்'னா லத்தீன்ல கெட்டது. 'மால்ஃபங்ஷன்' - மிஷின் மக்கர் பண்றது. 'மலேரியா' - இத்தாலியில கெட்ட காத்து! 1897-ல ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்துல கொசுவைக் குற்றவாளிக் கூண்டுல ஏத்தற வரைக்கும், காத்து மேலதான் பழி. 'பெனி'ன்னா நல்லது. 'வால்'னா விருப்பம். 'பெனவலன்ட்' - நல்லதை விரும்பறவன். தானே விரும்பி வர்ற 'வாலன்டிய'ரும் அதே குடும்பம்தான்!"

ஒரு வேர் பிடித்தால் கிளை கிளையாக வார்த்தைகள் வந்து விழுந்தன. நார்மன் லூயிஸ் 1949-ல் எழுதிய 'வேர்டு பவர் மேட் ஈஸி' புத்தகமும் வேர்களைப் பிடித்துத்தான் சொல்லித் தருகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஐயா போட்ட கண்டிஷன் ஒன்றுதான்: "புது வார்த்தையை மூணு இடத்துல படிச்சுப் பாரு. யார், யார்கிட்டே, எந்த மூடுல சொல்றாங்கன்னு கவனி. அப்புறம் உன் ஆபீஸ் சமாச்சாரத்தை வெச்சு நீயா ஒரு வாக்கியம் எழுது. அதுவரைக்கும் லெட்டர்ல அதைச் சேர்க்காதே. பொண்ணு பார்க்கப் போறவன் போட்டோவை மட்டும் பார்த்துட்டா தாலி கட்டறான்?"

எனக்கு இங்கிலீஷ் பயம் போக அவர் சொன்னது இது: "நம்ம கட்டுமரம் அங்கே 'கேட்டமரான்'. சுருட்டு, 'செரூட்'. மிளகுத்தண்ணி, 'மல்லிகடானி'. 1886-ல வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியிலேயே எல்லாம் இருக்கு. கடன் கொடுத்தவன், வாங்கினவனைப் பார்த்து நடுங்கலாமா?"

பல வருஷம் கழித்து அவர் சொன்னதை அமெரிக்காக்காரனும் ஒப்புக்கொண்டான்! மேல்படிப்புக்கான ஜி.ஆர்.இ. பரீட்சையில் தனி வார்த்தைக்கு எதிர்ச்சொல் கேட்பதை 2011-ல் எடுத்துவிட்டார்கள். இப்போது வாக்கியத்தைப் படித்து, பொருந்தும் வார்த்தையைப் போட வேண்டும். வெறும் மனப்பாடம் பலிக்காது. கையில் இருக்கிற செல்போன் ஒரு நொடியில் அர்த்தம் சொல்லிவிடும். அந்த வார்த்தையின் குணத்தை நாம்தான் பழகித் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது மாதம் அதே கோயமுத்தூர்க்காரருக்கு ஒரு லெட்டர் எழுத வேண்டி வந்தது. உடனே பதில் போட்டதற்கு நன்றி என்று எல்லாருக்கும் தெரிந்த நாலு சின்ன வார்த்தைகளில் எழுதினேன். மானேஜர் படித்துவிட்டு, ஒரு திருத்தமும் இல்லாமல் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் என் கையில் கன்ஃபர்மேஷன் ஆர்டர்!

ரயிலில் ஐயாவிடம் ஸ்வீட் நீட்டினேன். வாயில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"'கன்' - நல்லா. 'ஃபர்ம்' - உறுதி. வார்த்தையை நான் பிரிச்சுட்டேன். இனிமே உன்னையும் கம்பெனியையும் யாராலேயும் பிரிக்க முடியாது!"