சாம்பல் எல்லாம் சீமெந்து ஆகாது

ஹட்டன் டவுனில் சீமெந்து வாங்கப் போகிறவர் பெரும்பாலும் விலையைக் கேட்பதோடு நின்றுவிடுகிறார். மூடையில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்ப்பவர் குறைவு. எஸ்.எல்.எஸ். 107 என்றிருந்தால் சாதாரண போர்ட்லண்ட் சீமெந்து. 1247 என்றால் கலப்புச் சீமெந்து. 1253 என்றால் சுண்ணாம்புக்கல் தூள் சேர்த்த சீமெந்து.

பின்னவை இரண்டும் மட்டச் சரக்கு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சுண்ணாம்புக்கல்லை 1,450 பாகை செல்சியஸ் வரை சுட்டுத்தான் சீமெந்தின் அடிப்படையான கிளிங்கரை எடுக்கிறார்கள். அப்போது வெளியேறும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் விறகிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ வருவதில்லை, அந்தக் கல்லிலிருந்தே வருகிறது. உலகின் மொத்தக் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 8 வீதம் சீமெந்தின் பங்கு. அதனால் கிளிங்கரைக் குறைத்து, நுரைச்சோலை போன்ற அனல்மின் நிலையங்களின் நுண்சாம்பலைச் சேர்க்கிறார்கள். இன்னொரு வழி எல்சி3. கிளிங்கர் பாதி, சுட்ட களிமண் 30 வீதம், சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5. சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களோடு டெல்லி, சென்னை ஐஐடிகளும் சேர்ந்து உருவாக்கியது இது. இந்தியா 2023இல் இதற்குத் தரநிர்ணயமே வெளியிட்டுவிட்டது. இதற்கு வேண்டிய கயோலின் களிமண் மீட்டியாகொடையிலும் பொரலஸ்கமுவவிலும் கிடைக்கிறது.

ஆனால் மலைக்குளிர் வேறு கணக்கு. நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகை அளவுதான். கலப்புச் சீமெந்து இயல்பிலேயே மெதுவாக இறுகும், குளிரில் இன்னும் மெதுவாக. கொழும்பில் கழற்றுகிற அதே நாளில் இங்கே சட்டர் பலகையைக் கழற்றினால் ஆபத்து. சாதாரண சீமெந்துக்கு 7 நாளும் கலப்புக்குக் குறைந்தது 10 நாளும் நனைத்து வைக்கச் சொல்கிறது இந்தியத் தரநெறி. மேசன் அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தேயிலைத் தொழிற்சாலை அடுப்புச் சாம்பல் சும்மா கிடக்கிறதே, அதைக் கலந்தால் என்ன? கூடாது. விறகுச் சாம்பலில் எரியாத கரியும் காரமும் இருக்கும். ஒரு குவியல் போல இன்னொன்று இராது. ஆலையில் சோதித்துக் கலப்பது வேறு, வாசலில் மண்வெட்டியால் கலப்பது வேறு. ஈரச் சீமெந்து தோலை வேகவைத்துவிடும் என்பதால் வெறுங்காலோடு குழைப்பதும் வேண்டாம்.

காணி வெட்டிய மண்ணை என்ன செய்வது என்பவர்களுக்கு எஸ்.எல்.எஸ். 1382 இருக்கிறது: சிறிதளவு சீமெந்து சேர்த்து அழுத்திய மண் கல். மேல்மண் ஆகாது, களிமண் மிஞ்சினால் வெடிக்கும். மண்ணைச் சோதித்த பிறகே அச்சில் போட வேண்டும்.

2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகளானாலும் சரி, சொந்தக் கைக்காசில் கட்டுவதானாலும் சரி, கட்டுப்பொருளைப் பற்றிக் கேட்பது குடியிருப்பவரின் உரிமை. அரச திட்டமென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், எந்தச் சீமெந்து, என்ன சோதனை அறிக்கை என்று எழுத்தில் கேட்கலாம். கடையில் வாங்கினால் ரசீது கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. கட்டிதட்டிய மூடையையோ எஸ்.எல்.எஸ். முத்திரை இல்லாததையோ தள்ளிவிட்டால், ரசீதையும் மூடையையும் எறியாமல் வைத்துக்கொண்டு நுகர்வோர் அதிகாரசபையின் 1977ஐ அழையுங்கள். மூன்று மாதத்துக்குள் எழுத்திலும் முறையிடுங்கள்.

இத்தனைக்கும் முன்னால் ஒன்று: மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று லயன்களை மூடியது மண்சரிவு. அதனால் அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே அந்த இடத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.