அசைவும் செல்வாக்கும்: 'ஸ்வே' என்னும் சொல்லைக் கற்பித்தல்

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு அலகுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஆங்கில வாக்கியத்தின் பொருளைத் தமிழில் எழுதும் ஒரு மதிப்பெண் வினா அதில் இருந்தது. 'ஹெர் ஸ்பீச் ஸ்வேட் தி க்ரவுட்' என்பது வாக்கியம். 'அவளது பேச்சு கூட்டத்தினரின் மனத்தை மாற்றியது' என்ற விடையை எதிர்பார்த்தேன். ஒரு மாணவி 'அவளது பேச்சு கூட்டத்தைச் சாய்த்தது' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் சுழித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விட்டேன்.

விடைத்தாளைக் கொடுத்த அன்று அவள் எழுந்து, "காத்து மரத்தைச் சாய்க்கிற மாதிரித்தானே சார்?" என்று கேட்டாள். "பேச்சு எப்படிம்மா ஆளைச் சாய்க்கும்?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தபடிதான் உட்கார்ந்தாள். ஆனால், அதன்பின் பல நாள்கள் அவள் கை உயரவில்லை.

பிறகு வேறு பாடத்துக்காக அகராதியைப் புரட்டியபோது அந்தச் சொல் மீண்டும் கண்ணில் பட்டது. நின்று முழுமையாகப் படித்தேன். அவள் எழுதிய விடை நான் நினைத்த அளவுக்குத் தவறானது அன்று. சொல்லின் வேருக்கு என்னைவிட அவளே அருகில் இருந்தாள். அந்தச் சொல்லைப் பற்றியும், அது எனக்குக் கற்றுக்கொடுத்ததைப் பற்றியும் நம் ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

அடி நிற்கும், நுனி ஆடும்

எஸ், டபிள்யூ, ஏ, ஒய் என்னும் நான்கே எழுத்துகள் கொண்ட சிறிய சொல் 'ஸ்வே'. டே, ப்ளே, வே ஆகிய சொற்களோடு ஒலியில் இயையும். இச்சொல்லுக்குப் பொருள் கேட்டால் 'அசைதல்' என்று சொல்லி நாம் நகர்ந்துவிடுகிறோம். ஆனால், எல்லா அசைவும் 'ஸ்வே' ஆகிவிடாது.

தென்னை மரம் காற்றில் ஆடுவதை நினைத்துப் பாருங்கள். அடி மண்ணில் ஊன்றி நிற்கிறது. உடலும் நுனியும் மெதுவாக ஒரு பக்கம் சாய்கின்றன. மீண்டும் மறுபக்கம் சாய்கின்றன. நெற்கதிர்கள் அலைபோல் அசைவதும், வீதியில் தேர் ஆடி அசைந்து வருவதும், பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்பவர் இருபுறமும் சாய்வதும் இவ்வகைதான். நிதானம், பக்கவாட்டுச் சாய்வு, அடியில் ஒரு பிடிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்த அசைவே பெரும்பாலும் 'ஸ்வே' எனப்படுகிறது.

நெருக்கமான பிற சொற்களோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். விரைவாகவும் சிறிதாகவும் குலுங்குவது 'ஷேக்'. குளிரில் கை நடுங்குவதற்கும், மருந்துப் புட்டியைக் குலுக்குவதற்கும் அதுவே ஏற்றது. மேலே ஓரிடத்தில் கட்டப்பட்டுத் தொங்கியபடி வீசி ஆடுவது 'ஸ்விங்'. ஊஞ்சலும் கடிகார ஊசலும் அப்படி ஆடுபவை. பிடிப்புத் தளர்ந்து தள்ளாடுவது 'வாபிள்'. கால் சரியில்லாத நாற்காலி அப்படித்தான் ஆடும். தமிழில் குலுங்கு, நடுங்கு, ஊசலாடு, தள்ளாடு, அசைந்தாடு என்று தனித்தனிச் சொற்கள் இருக்கும்போது, எல்லாவற்றையும் 'ஆடுதல்' என்ற ஒன்றில் அடக்கிப் பொருள் சொல்வது நம் மொழிக்கும் நாம் செய்யும் குறை.

மரத்திலிருந்து மனத்துக்கு

இச்சொல்லின் வேரைப் பழைய நார்ஸ் மொழியில் 'வளைத்தல், சாய்த்தல்' எனப் பொருள்படும் ஒரு வினைச்சொல்லோடு சொல்வரலாற்று அறிஞர்கள் தொடர்புபடுத்துகின்றனர். முதலில் கண்ணுக்குத் தெரியும் அசைவைக் குறித்த சொல், 16-ஆம் நூற்றாண்டில் ஆட்சி, அதிகாரம், மனத்தை ஒரு பக்கம் திருப்புதல் ஆகிய பொருள்களிலும் வழங்கலாயிற்று. ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தில், நீதிமன்றக் காட்சியில் போர்ஷியா இரக்கத்தைப் பற்றிப் பேசும் புகழ்பெற்ற பகுதியில் அரசனின் அதிகாரத்தைக் குறிக்க இச்சொல்லே வருகிறது.

காற்று மரத்தை ஒரு பக்கம் வளைக்கிறது. அதுபோலப் பேச்சோ பாசமோ பயமோ மனத்தை ஒரு பக்கம் வளைக்கிறது. உருவம் ஒன்றே, இடம்தான் மாறியிருக்கிறது. இந்த உருவகம் நமக்கும் புதிதன்று. 'அவன் மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது', 'எவ்வளவு சொல்லியும் அசையவில்லை', 'அசைக்க முடியாத நம்பிக்கை' என்றெல்லாம் நாம் அன்றாடம் பேசுகிறோம். அந்த மாணவி 'சாய்த்தது' என்று எழுதியபோது இந்த வழியில்தான் நடந்திருக்கிறாள். ஒரு கூட்டத்தைச் சாய்ப்பது என்றால் தமிழில் வீழ்த்துவது என்ற பொருளும் வந்துவிடும் என்பதால் 'கூட்டத்தின் மனத்தைத் தன் பக்கம் சாய்த்தது' என்று எழுதுவதே தெளிவு. ஒரு சொல்லைச் சேர்த்தால் சரியாகிவிடும் விடையை நான் முற்றிலும் தவறு என்று சுழித்திருந்தேன்.

தன்வினையும் பிறவினையும்

இச்சொல்லைக் கற்பிக்கத் தமிழ் இலக்கணமே நல்ல துணை. மரம் சாய்கிறது என்பது தன்வினை. காற்று மரத்தைச் சாய்க்கிறது என்பது பிறவினை. அசைகிறது, அசைக்கிறது, ஆடுகிறது, ஆட்டுகிறது ஆகியவையும் இப்படியே. தமிழில் வினையின் வடிவம் மாறுகிறது. ஆங்கிலத்தில் 'ஸ்வே' மாறுவதில்லை. பின்னால் செயப்படுபொருள் வருகிறதா என்று பார்த்துத்தான் அறிய வேண்டும்.

'தி ட்ரீஸ் ஸ்வேட்' என்றால் மரங்கள் அசைந்தன. 'தி விண்ட் ஸ்வேட் தி ட்ரீஸ்' என்றால் காற்று மரங்களை அசைத்தது. 'தி ஸ்பீச் ஸ்வேட் தி வோட்டர்ஸ்' என்றால் பேச்சு வாக்காளர்களின் மனத்தைத் திருப்பியது. செயப்படுபொருள் மனிதராகவோ, கருத்தாகவோ, முடிவாகவோ இருந்தால் பெரும்பாலும் செல்வாக்குப் பொருளே வரும். இந்த ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டால் எட்டாம் வகுப்பு மாணவரும் பொருளைத் தாமே கண்டுபிடித்துவிடுவர்.

எழுத்துக்கூட்டலில் ஒரு சிறு கவனம் தேவை. 'க்ரை' என்னும் சொல் இறந்த காலத்தில் ஒய் எழுத்தை இழந்து ஐ எழுத்தைப் பெறும். ஆனால், ஒய் எழுத்துக்கு முன் உயிரெழுத்து இருப்பதால் 'ப்ளே' போலவே 'ஸ்வே'யும் ஒய் எழுத்தை இழக்காமல் அப்படியே இ, டி ஆகிய எழுத்துகளைச் சேர்த்துக்கொள்ளும்.

சேர்ந்து வரும் சொற்கள்

தனிச்சொல்லைவிடச் சொற்றொடராகக் கற்பிப்பதே பயன் தரும். இசைக்கேற்ப அசைவது 'ஸ்வே டு தி மியூசிக்'. வதந்தியாலோ உணர்ச்சியாலோ மனம் மாறுவது 'ஸ்வேட் பை'. யார் எதைச் சொன்னாலும் உடனே மாறிவிடுபவர் 'ஈஸிலி ஸ்வேட்'. ஒருவரின் பிடிக்குள் இருப்பது 'அண்டர் தி ஸ்வே ஆஃப்'.

இவற்றுள் வரலாற்றுப் பாடத்தில் அடிக்கடி வருவது 'ஹோல்ட் ஸ்வே'. ஆதிக்கம் செலுத்துதல், கோலோச்சுதல் என்பது பொருள். சோழர்கள் தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் ஆதிக்கம் செலுத்தினர் என்பதை ஆங்கில வழி நூல்கள் 'தி சோழாஸ் ஹெல்ட் ஸ்வே ஓவர்' என்று தொடங்கி எழுதும். 'அசைதல்' என்ற ஒரு பொருளை மட்டும் அறிந்த மாணவர் இந்த இடத்தில் திகைத்து நிற்பார். 'ஹோல்ட்' என்பதற்கும் 'ஸ்வே' என்பதற்கும் இடையில் ஏ, தி போன்ற சுட்டுச் சொற்கள் வருவதில்லை என்பதையும், எதன் மீது ஆதிக்கம் என்பதைக் காட்ட 'ஓவர்' வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். அரசர்கள் மட்டுமல்லர், ஒரு கருத்தோ பழக்கமோ ஒரு காலத்தில் ஓங்கி நின்றது என்பதற்கும் இத்தொடர் பயன்படும்.

'பர்சுவேட்', 'இன்ஃப்ளுயன்ஸ்' ஆகிய சொற்களும் இதற்கு அருகில் வருபவை. காரணம் சொல்லி ஒருவரை இணங்க வைப்பது 'பர்சுவேட்'. நெடுங்காலம் மெல்ல மெல்லப் படியும் தாக்கத்துக்கு 'இன்ஃப்ளுயன்ஸ்' பொருந்தும். ஓர் ஆசிரியர் மாணவரின் வாழ்வில் ஏற்படுத்துவது அது. இப்பக்கமா அப்பக்கமா என்றிருக்கும் மனத்தை ஒரு பக்கம் திருப்பிவிடுவது 'ஸ்வே'. அது நியாயத்தாலும் நடக்கலாம். வெறும் உணர்ச்சியாலும் நடக்கலாம். எனவேதான் 'ஸ்வேட் பை' என்பது பல இடங்களில் ஓர் எச்சரிக்கைத் தொனியோடு வருகிறது.

இரு பொருளும் சந்தித்த ஒரு பாலம்

இச்சொல்லின் இரண்டு பொருளையும் ஒரே நிகழ்வில் காட்ட லண்டன் நகரின் மில்லேனியம் பாலத்தை எடுத்துக்கொள்ளலாம். தேம்ஸ் ஆற்றின் மீது நடந்து செல்வோருக்காகக் கட்டப்பட்ட அப்பாலம் 2000-ஆம் ஆண்டு ஜூன் 10 அன்று திறக்கப்பட்டது. மக்கள் திரளாக நடந்தபோது பாலம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. விழாமல் இருக்க, நடந்தவர்கள் தம்மை அறியாமலேயே அந்த ஆட்டத்துக்கு ஏற்பக் காலடி வைத்தனர். அதனால் ஆட்டம் மேலும் கூடியது. இரண்டே நாளில் பாலம் மூடப்பட்டது. அதிர்வைத் தணிக்கும் கருவிகள் பொருத்தப்பட்ட பின் 2002-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது.

பாலம் அசைந்தது, அந்த அசைவு மனிதரின் நடையை மாற்றியது, மாறிய நடை பாலத்தை மேலும் அசைத்தது. அசைவும் செல்வாக்கும் ஒன்றையொன்று பற்றிக்கொண்ட காட்சி இது. அறிவியல் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து நடத்த ஏற்ற பகுதி.

வகுப்பறையில் செய்து பார்க்கலாம்

இச்சொல்லுக்குச் சிறந்த கற்றல் துணைக்கருவி நம் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. கனமான அடிப்பகுதி நிலையாக இருக்க, தட்டியதும் சாய்ந்து சாய்ந்து ஆடும் வகைப் பொம்மையை மேசை மீது வையுங்கள். தொடக்க வகுப்பில் பொம்மையோடு சேர்ந்து குழந்தைகளும் கால் நகராமல் நின்றபடி அசையட்டும். நீங்கள் 'ஸ்வே' என்றால் மெதுவாக அசைய வேண்டும். 'ஷேக்' என்றால் குலுங்க வேண்டும். 'ஸ்விங்' என்றால் கையை வீச வேண்டும். தமிழ்ப் பொருளை எழுதிப் போடாமலேயே சொல் மனத்தில் நின்றுவிடும்.

மேல்நிலைக்கு வந்த குழந்தைகளிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: 'இந்தப் பொம்மை சாய்ந்தாலும் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. பேச்சில் மயங்கிய மனம் திரும்பி வருமா?' பிறகு வகுப்பை மூன்றாகப் பிரியுங்கள். பள்ளிச் சுற்றுலாவுக்குக் கடற்கரைக்குப் போவதா, அருங்காட்சியகத்துக்குப் போவதா என்று இரு குழுக்கள் வாதிடட்டும். மூன்றாம் குழு முடிவு சொல்லட்டும். முடிவு சொன்னவர்கள் 'ஐ வாஸ் ஸ்வேட் பை' என்று தொடங்கி, எது தம் மனத்தைத் திருப்பியது என்று ஒரு வாக்கியம் எழுத வேண்டும். வளரறி மதிப்பீட்டுக்கும் இச்செயல்பாட்டைப் பயன்படுத்திக்கொள்ளலாம். தன்னை எது சாய்த்தது என்று ஒரு குழந்தை நின்று யோசிப்பது மொழிப் பயிற்சி மட்டுமன்று. விளம்பரமும் வதந்தியும் கைப்பேசி வழியே வந்து விழும் இக்காலத்தில் அது அவர்களுக்கு ஒரு பாதுகாப்பும்கூட.

ஒரு மதிப்பெண்

அகராதியைப் பார்த்த மறுநாள் அந்த விடைத்தாளை வாங்கி, வகுப்பின் முன்னிலையிலேயே என் சுழிப்பை அடித்துவிட்டு மதிப்பெண் போட்டேன். "நீ நினைச்சதுதாம்மா அந்தச் சொல்லோட வேர். நான்தான் பார்க்காமப் போட்டுட்டேன்" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. கரும்பலகையில் 'ஸ்வே' என்பதற்கு எதிரே 'அசைவு, செல்வாக்கு' என்று எழுதியிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாடம் முடியும் நேரத்தில் அவள் கை உயர்ந்தது.

"அப்போ செல்வாக்குல வர்ற 'செல்' என்ன சார்? போறதா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. தமிழாசிரியரிடம் கேட்டுவிட்டு வந்துதான் சொன்னேன். செல்லும் வாக்கே செல்வாக்கு. யாருடைய சொல் நான்கு பேரிடம் போய்ச் சேர்ந்து எடுபடுகிறதோ அவருக்கு இருப்பது செல்வாக்கு. ஆதிக்கம் 'செலுத்துதல்' என்பதிலும் அதே 'செல்' பிறவினையாக நிற்கிறது. ஆங்கிலம் அசைவிலிருந்து அதிகாரத்துக்குப் போன பாதையில் தமிழும் தன் வழியில் நடந்திருக்கிறது. இருபது ஆண்டுகளாக இரண்டு சொற்களையும் சொல்லிக்கொண்டிருந்த நான் அதைக் கவனித்ததில்லை. ஒரு மதிப்பெண்ணை இழந்த மாணவிதான் கவனித்தாள்.

இப்போது சொற்பொருள் வினாவைத் திருத்தும்போது எதிர்பாராத விடை வந்தால், சுழிப்பதற்கு முன் அந்தக் குழந்தையைக் கூப்பிட்டு, "ஏன் இப்படி எழுதினே?" என்று ஒரு முறை கேட்டுவிடுகிறேன். சில நேரம் அது தவறான விடையாகவே இருக்கும். சில நேரம் அகராதியைத் திறக்க வேண்டியிருக்கும். நம் வாக்கு வகுப்பறையில் செல்லும் வாக்கு. ஒரு சுழிப்பு ஒரு குழந்தையின் கையை எத்தனை நாள் கீழே இறக்கி வைக்கும் என்பதை நான் பார்த்துவிட்டேன்.