தவறியது டாக்டர், பணம் கட்டுவது யார் தெரியுமா?

ஈப்போ பெரியாஸ்பத்திரியில் ஒரு வெள்ளி கட்டிவிட்டு உள்ளே போகிறீர்கள். சிகிச்சையில் தவறு நடக்கிறது, வழக்குப் போட்டு ஜெயித்தும் விடுகிறீர்கள். இழப்பீட்டைத் தரப்போவது யார் தெரியுமா? அரசாங்கம்! தன் ஊழியரின் தவறுக்கு அரசே பொறுப்பு என்கிறது 1956-ஆம் ஆண்டுச் சட்டம். ஆக, வரி கட்டும் நாமெல்லாரும்தான். வழக்குப் போட்டவரும் அதில் சேர்த்தி!

இதெல்லாம் இன்று நேற்றுக் கதையல்ல. 1960-இல் கோலாலம்பூரில் ஓர் ஆயாவுக்குப் பென்சிலின் ஊசி போட்டார்கள். சற்று நேரத்தில் உயிர் போய்விட்டது. அவருக்குப் பென்சிலின் ஆகாது என்று அவருடைய பழைய ஆஸ்பத்திரி அட்டையிலேயே எழுதியிருந்தது! டாக்டர் கேட்கவே இல்லை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1967-இல்தான் குடும்பத்துக்கு நியாயம் கிடைத்தது. எதிர்த்தரப்பில் மலேசிய அரசாங்கம்.

பேராக் ரப்பர் தோட்டங்களில்? அங்கே முதல் டாக்டரே டிரெஸ்ஸர் எனும் தோட்ட மருத்துவ உதவியாளர்தான். 1965-இல் அவர்களைப் பதிவுசெய்யத் தனிச் சட்டமே வந்தது. அவர் கம்பெனிச் சம்பளக்காரர் என்பதால், அவர் தவறினால் சட்டப்படி கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும். சரி, கம்பெனி கொடுத்த லயத்தில் குடியிருந்துகொண்டு கம்பெனி மேலேயே கேஸ் போட யாருக்குத் துணிச்சல் வரும்?

இன்னொன்று: அரசாங்கத்தின் மீது வழக்குப் போட 36 மாதம்தான் கெடு. தனியார் என்றால் 6 வருடம்! 'ஜெயித்தால் இத்தனை பங்கு' என்று லாயரோடு பேசிக்கொள்ளலாமே என்கிறீர்களா? அமெரிக்காவில் அது சர்வசாதாரணம்; இங்கே 1976-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் விடாது. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் நம் தலையில் விழலாம். நியூசிலாந்துக்காரர்களுக்கோ 1974 முதல் இந்தக் கோர்ட் அலைச்சலே கிடையாது. சிகிச்சையால் வந்த காயத்துக்குப் பொதுநிதியிலிருந்தே உதவி.

தனியார் ஆஸ்பத்திரியில் நிலைமை வேறு. அங்குள்ள நிபுணர்களில் பலர் ஆஸ்பத்திரியின் ஊழியர்களே அல்ல, தெரியுமா? அறை வைத்துத் தனியாகத் தொழில் செய்கிறவர்கள். அதனால் 'அது டாக்டர் பாடு' என்று ஆஸ்பத்திரிகள் நெடுநாள் ஒதுங்கி நின்றன. டாக்டரின் பாதுகாப்புக் காப்புறுதிதான் பணம் கட்டும். 2017 முதல் அது இல்லாமல் தொழில் உரிமமே கிடைக்காது. 2024 பிப்ரவரியில் பூச்சோங் கொலம்பியா ஏசியா ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் போட்டது பாருங்கள் ஒரு போடு: ஆஸ்பத்திரியும் நேரடிப் பொறுப்பு!

வாசகருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். டாக்டர் கட்டணத்துக்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. கட்டில், மருந்து, கையுறை, பஞ்சு என்று ஆஸ்பத்திரி போடும் பில்லுக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. புதுப் பொறுப்புக்கான காப்புறுதிப் பணத்தை ஆஸ்பத்திரி எந்தக் கணக்கில் எழுதும் என்று நினைக்கிறீர்கள்?