ஹாரன் அடிக்காமல் போன ரயில்: எங்கே, எப்படிப் புகார் செய்வது?

ரயில் ஹாரன் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று மனு எழுத, லெவல் கிராசிங் ஓரத்து நகர்களில் ஆள் இருக்கிறது. அதே கேட்டை ஒரு ரயில் ஹாரனே கொடுக்காமல் கடந்து போனால் எழுத ஆள் இல்லை. எழுதினாலும் மனு கலெக்டர் ஆபீஸுக்குப் போகிறது. ரயில்வே மத்திய அரசுத் துறை. கலெக்டரால் அதை ரயில்வேக்கு அனுப்பி வைக்கத்தான் முடியும். அதற்குள் அந்த எஞ்சின் எங்கெங்கோ ஓடிவிட்டு வந்திருக்கும்.

ரயில்வே உதவி எண் 139-ஐ அழைப்பவர்களும் இருக்கிறார்கள். “காலையில ஒரு ரயில் சத்தமே இல்லாம போச்சு” என்கிறார்கள். எந்த ரயில், எந்த இடம் என்று தெரியாத புகாரை முடித்து வைப்பது ரயில்வேக்கு ஒரு நிமிட வேலை. “உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது” என்று குறுஞ்செய்தி வரும். என்ன நடவடிக்கை, யார் மேல் என்று கேட்டால் பதில் வராது.

ஹாரன் அடிப்பது ரயிலை ஓட்டும் லோகோ பைலட்டின் விருப்பம் என்று நினைப்பவர்கள் பலர். அப்படியல்ல. எஞ்சினைப் பொறுப்பேற்கும்போதே பிரேக், ஹெட்லைட், ஃபிளாஷர் லைட் ஆகியவற்றோடு ஹாரனையும் அவர் சோதித்துப் பார்த்தாக வேண்டும். காற்றழுத்தத்தில் இயங்கும் இந்த ஹாரனில் உயர்ந்த தொனி, தாழ்ந்த தொனி என இரண்டு உண்டு. குழாயில் தண்ணீர் கோத்தாலோ, உள்ளே இருக்கும் மெல்லிய தகடு விரிசல் விட்டாலோ சத்தம் ஈனமாகிவிடும். பழுது கண்டால் லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். எஞ்சின் பராமரிப்பு ஷெட்டில் இருக்கும்போதே தெரிந்தால் சரிசெய்த பிறகுதான் வெளியே விட வேண்டும். ஆக, ஹாரன் வேலை செய்யவில்லை என்றால் அதற்கு எங்கேயோ ஒரு காகிதம் இருக்கும், அல்லது இருக்க வேண்டிய காகிதம் இருக்காது. இரண்டில் எது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது.

கேட்டுக்கு 600 மீட்டர் முன்னால் தண்டவாள ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் ‘டபிள்யூ/எல்’ பலகை நிற்கும். அதிலிருந்து கேட்டைக் கடக்கும் வரை ஹாரன் கொடுக்க வேண்டும். 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் அந்த 600 மீட்டரைச் சுமார் 20 நொடியில் கடந்துவிடும். சென்னை–கூடூர் தடம் போல 130 கிலோமீட்டர் வேகம் என்றால் 17 நொடிகூட இல்லை. மாட்டை ஓட்டிக்கொண்டு கடப்பவருக்கோ, மூட்டுவலிக்கார மூதாட்டிக்கோ இதுவே குறைவு. அதிலும் பாதிச் சத்தம்தான் வருகிறது என்றால்?

புகாருக்குத் தேவையான விவரங்கள் எல்லாம் கண் முன்னே எழுதியே இருக்கின்றன. கேட் அறையின் சுவரில் எல்.சி. (லெவல் கிராசிங்) எண் இருக்கும். மின்பாதை என்றால் அருகிலுள்ள மின்கம்பத்தில் 25/14 என்பது போலப் பலகை தொங்கும்: 25-வது கிலோமீட்டர், 14-வது கம்பம். எஞ்சினின் முகப்பிலும் பக்கவாட்டிலும் ஐந்து இலக்க எண் இருக்கும். பக்கவாட்டில் அரக்கோணம், ஈரோடு, ராயபுரம் என்று அதன் சொந்த ஷெட்டின் பெயரும் இருக்கும். ஓடும் ரயிலில் இதைப் படிக்க முடியவில்லையா, விடுங்கள். தேதி, நேரம், எந்தத் திசை, எல்.சி. எண் இவை நான்கு போதும். எந்த ரயில் என்பதை அவர்களே பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். இவற்றோடு 139-லோ ரயில் மதத் செயலியிலோ அன்றைக்கே புகார் செய்யுங்கள். அன்றைக்கே. எஞ்சினில் உள்ள பதிவுக் கருவிகளின் நினைவகத்தில் பழையதன் மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும். புகார் எண்ணை எழுதி வையுங்கள்.

மழுப்பல் பதில் வந்தால் தகவல் உரிமைச் சட்டம். விண்ணப்பம் அந்தப் பகுதியின் கோட்ட ரயில்வே மேலாளர் அலுவலகத்திலுள்ள பொதுத் தகவல் அலுவலருக்குப் போக வேண்டும். தெற்கு ரயில்வேயில் சென்னை, திருச்சி, மதுரை, சேலம், பாலக்காடு, திருவனந்தபுரம் என ஆறு கோட்டங்கள். நம்மவர்கள் இங்கே வழக்கமாகச் சறுக்குவது, மாநில அலுவலகத்துக்கு ஒட்டுவது போலவே விண்ணப்பக் கட்டணத்துக்கு நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டிவிடுவது. மத்திய அரசு அலுவலகத்துக்கு அது செல்லாது. 10 ரூபாய்க்கு இந்தியப் போஸ்டல் ஆர்டர் எடுத்து, அந்த அலுவலகக் கணக்கு அதிகாரியின் பெயரில் எழுதுங்கள். ஆன்லைனிலும் கட்டலாம். வில்லை ஒட்டாதீர்கள்.

கேள்வியிலும் கவனம் வேண்டும். “ஏன் ஹாரன் அடிக்கவில்லை?” என்று கேட்டால், காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று தள்ளிவிடுவார்கள். ஆவணமாகக் கேளுங்கள்: இன்ன தேதியில் இன்ன நேரத்தில் இந்த எல்.சி. கேட்டைக் கடந்த ரயிலின் எஞ்சின் எண். அந்தப் பயணத்துக்கான லாக் புத்தகப் பக்கத்தின் நகல். கடைசியாக ஷெட்டில் ஹாரன் சோதிக்கப்பட்டதற்கான பதிவின் நகல். என் புகார் எண் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அங்கும் நியாயம் இல்லையென்றால் 90 நாளுக்குள் டெல்லி மத்தியத் தகவல் ஆணையம். சென்னையிலுள்ள மாநில ஆணையத்துக்கு அனுப்பி நாளைக் கடத்தாதீர்கள்.

இவ்வளவும் சொன்னதால் ஹாரனை நம்பிக் கடக்கலாம் என்று அர்த்தமில்லை. 2025 ஜூலை 8-ஆம் தேதி கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தது கேட் கீப்பர் பணியில் இருந்த கேட்டில். திறந்த கேட்டிலும் நின்று, இரு பக்கமும் பார்த்துத்தான் போக வேண்டும். மூடிய கேட்டுக்கு அடியில் பைக்கைச் சாய்த்து நுழைப்பவரும், காதில் இயர்போனோடு தண்டவாளத்தில் நடப்பவரும் ரயில்வேயைக் குறை சொல்ல முடியாது. தண்டவாளத்தில் அத்துமீறுவதற்கு ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. அதைவிடப் பெரிய தண்டனை, அத்துமீறி அடிபட்டவரின் குடும்பம் இழப்பீட்டுக்காக அலைவது.

லெவல் கிராசிங்கில் வாகனத்தில் போனவர் அடிபட்டிருந்தால் கதை வேறு. ரயில்வே தீர்ப்பாயத்துக்கு ஓடாதீர்கள். அது பெரும்பாலும் ரயில் பயணிகளுக்கானது. கேரளத்தின் அகப்பறம்பில் 1979-இல் நடந்த லெவல் கிராசிங் விபத்து வழக்கில், ரயில்வேக்கும் பொறுப்பு உண்டு, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே ரயில்வேயையும் சேர்த்து வழக்குத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1997-இல் சொல்லிவிட்டது. மனுவை ஆறு மாதத்துக்குள் போடுங்கள். அதற்கு முன்பே இருப்புப்பாதைக் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையின் நகலையும், லோகோ பைலட் ஸ்டேஷன் மாஸ்டரிடம் கொடுத்த மெமோவின் நகலையும் கேட்டு வாங்குங்கள். ஹாரன் கொடுத்ததாக அவர் எழுதியிருக்கிறாரா என்று முதலில் அதில்தான் பார்க்க வேண்டும்.