தேடிப் போகிறவர்களின் செலவு யார் தலையில்?

ஒருவர் காட்டுக்குள் போனார், இருட்டியும் திரும்பவில்லை. தேடிப் போவது யார் என்று அப்போது எவரும் விவாதிப்பதில்லை. அயலவர்கள் புறப்பட்டு விடுவார்கள். வாகனத்தின் எரிபொருள், தேய்ந்துபோன கயிறு, வேலைக்குப் போகாமல் இழந்த கூலி ஆகியவற்றை யார் கொடுப்பது என்ற கேள்வி பின்னர்தான் எழும். ஐக்கிய அமெரிக்காவில் இக்கேள்வி பல ஆண்டுகளாக இழுபடுகிறது. பணமுள்ள நாடுதானே, அங்கே இதுவும் ஒரு பிரச்சினையா என்று எண்ணவேண்டாம்.

அந்நாட்டு நிலத்தில் நாலிலொரு பங்குக்கும் மேல், ஏறத்தாழ 64 கோடி ஏக்கர், சமஷ்டி அரசுக்குச் சொந்தம். நெவாடா மாநிலத்தில் இது சுமார் 80 சதவீதம். யூட்டாவில் 60 சதவீதத்துக்கும் மேல். காடு, மலை, மேய்ச்சல் தரை, வரண்ட நிலம் என விரியும் இக்காணிகளிற் பெரும்பகுதியில் மக்கள் நடக்கலாம், வேட்டையாடலாம், கூடாரம் அடிக்கலாம். வழி தவறினால்? தேசியப் பூங்காக்களில் பூங்காச் சேவையின் காவலர்கள் தேடுவார்கள். மீட்டதற்குப் பணம் அறவிடுவதில்லை. ஏனைய அரச காணிகளில், மேற்கு மாநிலங்களைப் பொறுத்தவரை, பொறுப்பு பெரும்பாலும் 'கவுண்டி' எனும் உள்ளூர் நிர்வாகத்தின் ஷெரிப்பைச் சாரும். அவர் அழைப்பது சம்பளமில்லாத தொண்டர்களை.

இங்கேதான் சிக்கல். கவுண்டிகளின் முக்கிய வருமானங்களில் ஒன்று ஆதனவரி. சமஷ்டி அரசின் காணிக்கு அவ்வரி கிடையாது. காணி அரசுடையது, வருகிறவர் வெளியூரார், செலவு மட்டும் அங்கே பண்ணை வைத்திருக்கும் குடிகளுடையது! இதை ஈடுசெய்யவே 1976 இல், வரிக்குப் பதிலான கொடுப்பனவுச் சட்டம் வந்தது. அப்பணத்தைத் தேடல் மீட்பு உட்பட எந்த நிர்வாகப் பணிக்கும் செலவிடலாம். ஆனால் கொடுப்பனவைக் கணக்கிடும்போது ஏக்கருடன் குடிசனத் தொகையும் பார்க்கப்படுகிறது. சனம் குறைந்த இடத்துக்கு உச்ச வரம்பும் தாழ்ந்தது. யூட்டாவின் கிராண்ட் கவுண்டியில் வாழ்வோர் 10,000 பேருக்கும் குறைவு. அங்குள்ள ஆர்ச்சஸ் பூங்காவுக்கு மட்டும் ஆண்டுக்குப் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். பலர் சுற்றியுள்ள ஏனைய அரச காணிகளுக்கும் போகிறார்கள். சட்டத்தின் கணக்கில் வந்துபோகிறவருக்கு இடமில்லை.

மாநிலங்கள் தத்தம் வழியைத் தேடின. நியூ ஹாம்ப்ஷயரில் இப்பணி மீன்பிடி வேட்டைத் திணைக்களத்தினுடையது. படகு, பனிவண்டி போன்றவற்றின் பதிவுக் கட்டணத்தில் 1 டொலர் தேடல் நிதிக்குப் போகும். மலையேறுபவரோ ஒன்றும் கட்டுவதில்லை. 2015 முதல் அங்கே 25 டொலருக்கு ஓர் அட்டை விற்கிறார்கள், குடும்பத்துக்கு 35. அட்டையில்லாதவர் கவனயீனத்தால் அகப்பட்டதாகத் தீர்மானித்தால், மீட்புச் செலவை அவரிடமே கேட்கச் சட்டம் இடமளிக்கிறது.

கவனயீனத்துக்குத் தண்டம் நியாயந்தானே என்று தோன்றும். 1959 இல் தோன்றிய மலை மீட்புச் சங்கம் இதை ஏற்பதில்லை. பணத்துக்குப் பயந்தவர் உதவி கேட்கத் தாமதிப்பார். பகலில் கேட்டிருக்க வேண்டியதை இரவில் கேட்பார். சிறு காயம் பெருங்காயமாகும், இருளில் பாறையில் இறங்கும் தொண்டரின் உயிரும் ஆபத்துக்குள்ளாகும். எமக்கும் இதுவே சரியாகப்படுகிறது. உதவிக்குக் கூப்பிடுபவர் முதலில் பணப்பையைத் தடவிப் பார்க்கும் நிலை வரக்கூடாது.

கொலராடோவின் முறை இதைவிட நல்லது. 1987 இல் தொடங்கிய நிதியில் ஒவ்வொரு வேட்டை, மீன்பிடி அனுமதிப்பத்திரத்திலிருந்தும் 25 சதம் சேர்ந்தது. நடப்பவர்களுக்கென மலிவான ஓர் அட்டையும் இருந்தது. 2023 முதல் வாகனப் பதிவோடு விற்கும் பூங்கா அனுமதிச் சீட்டின் பணத்திலும் ஒரு பங்கு மீட்புக் குழுக்களுக்குப் போகிறது. பலரிடம் சிறிதாகச் சேர்ப்பதால், அகப்பட்ட ஒருவர் தலையில் முழுவதும் விழுவதில்லை. கயிறும் எரிபொருளும் அந்த நிதியில் வாங்கலாம். அன்று வேலைக்குப் போகாத தொண்டரின் கூலியை அது கொடுப்பதில்லை.