கிறிஸ்மஸுக்கு லீவு உண்டா?

டிசம்பர் பிறக்கப் பத்து நாள் இருக்கையில், சங்க வேலையாகப் பொந்தியான் வட்டாரத்துத் தோட்டமொன்றுக்குச் சென்றிருந்தோம். மாலை நேரம். செம்பனைக் காட்டிலிருந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். உதிரிப்பழம் பொறுக்கும் ஓர் அம்மையார் லயத்து வாசலில் உட்கார்ந்து, மூங்கிலைச் சீவி நட்சத்திரக்கூடு கட்டிக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும், "ஏந்தம்பி, கிறிஸ்மஸுக்குச் சம்பளத்தோட லீவு உண்டா இல்லியா?" என்று கேட்டார்.

நாடு முழுவதும் பொது விடுமுறையாயிற்றே, இதென்ன கேள்வி என்று பட்டணத்தார் நினைக்கலாம். தோட்டத்தில் விஷயம் வேறு. அதற்குப் பின்னால் வருவோம்.

அந்த மூங்கில் நட்சத்திரம் பிலிப்பைன்ஸ் நாட்டிலும் உண்டு. பரோல் என்பார்கள். அங்கே டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாளும் விடியுமுன்னே பூசை நடக்கும். ஸ்பானியர் காலத்தில் குடியானவர்கள் வயலுக்குப் போகுமுன் பூசை காண ஏற்பட்ட வழக்கம் அது. இருட்டிலே எழுந்து பெரட்டுக்கு ஓடிய நம்மவருக்கு இது புரியாமற் போகாது. எத்தியோப்பியாவிலும் ரஷ்யாவிலும் பண்டிகை ஜனவரி 7இல்தான். பழைய நாட்காட்டிக் கணக்கு. ஜப்பானில் அன்று லீவே கிடையாது, ஆனாலும் பொரித்த கோழிக்கு வரிசை நிற்கிறார்கள்! வெள்ளைக்காரன் நாடென்றால் என்றைக்கும் லீவு இருந்திருக்கும் என்றும் எண்ண வேண்டாம். ஸ்காட்லாந்தில் 1958இல்தான் கிறிஸ்மஸ் பொது விடுமுறையாயிற்று.

கியூபாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். 1970இல் ஒரு கோடி டன் சீனி எடுத்தே தீருவது என்று அரசாங்கம் கிளம்பியது. கரும்பு வெட்டு நிற்கக்கூடாதென்று 1969இல் கிறிஸ்மஸ் விடுமுறையை எடுத்துவிட்டார்கள். கிடைத்ததோ ஏறக்குறைய 85 லட்சம் டன். வெட்டு முடிந்தது, போன லீவு மட்டும் திரும்பவில்லை. போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் வருகையை ஒட்டி 1997இல் ஒரு தடவை கொடுத்து, 1998இல் நிரந்தரமாக்கினார்கள். தொழிலாளர் அரசு என்று சொல்லிக்கொண்ட இடத்திலேயே இப்படி!

ஜமைக்காவில் நடந்ததைக் கேளுங்கள். கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்குக் கிறிஸ்மஸுக்குச் சில நாள் ஓய்வு கொடுப்பது அங்கே வழக்கம். 1831இல், சாமுவேல் ஷார்ப் என்ற அடிமை, பாப்டிஸ்ட் சபையில் போதிப்பவர், ஜெபக் கூட்டங்களிலேயே ஆள் சேர்த்தார். ஓய்வு முடிந்ததும் கூலி கொடுத்தால்தான் வேலை, இதுதான் தீர்மானம். வேலைநிறுத்தமாகத் தொடங்க நினைத்தது, டிசம்பர் 27 இரவு கென்சிங்டன் தோட்டத்தில் தீ வைத்ததோடு கலகமாகிவிட்டது. 300க்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை. ஷார்ப் 1832 மே 23இல் தூக்கிலிடப்பட்டார். ஆனால் மறு ஆண்டே லண்டனில் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. பிறகு அந்தக் கரும்புக் காடுகளுக்கு 1845 முதல் இந்தியர்களைக் கப்பலேற்றினார்கள். நம் பாட்டன்மார் மலாயாவுக்கு வந்த கதையின் உடன்பிறப்புத்தான் அது.

இனி அம்மையாரின் கேள்விக்கு வருவோம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 60டி பிரிவின்படி ஆண்டுக்குப் பதினொரு நாள் சம்பளத்தோடு பொது விடுமுறை. அதில் ஐந்தை யாரும் மாற்ற முடியாது: சுதந்திர தினம், பேரரசர் பிறந்தநாள், சுல்தான் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசியா தினம். மீதி ஆறு நாளை முதலாளி தேர்ந்து, ஆண்டு பிறக்குமுன் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டவேண்டும். இருதரப்பும் ஒத்துக்கொண்டால் இந்த ஆறில் மாற்றம் செய்யலாம். விடுமுறையன்று நாட்கூலிக்காரரை வேலைக்கு வைத்தால், விடுமுறைச் சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் சம்பளம் சேரும். ஒன்று கவனியுங்கள்: விடுமுறைக்கு முந்தின வேலைநாளோ அடுத்த வேலைநாளோ அனுமதியும் தக்க காரணமும் இல்லாமல் நின்றால் விடுமுறைச் சம்பளம் போய்விடும். பண்டிகை மயக்கத்தில் இதிலே சம்பளம் இழந்தவர்கள் பலர்.

ஆபீஸ் பலகையைப் போய்ப் பார்த்தோம். பதினொன்றும் இருந்தன, கிறிஸ்மஸ் இல்லை. "ஆறு குடும்பந்தான் நாங்க. எங்களுக்காக யாரு கேப்பா?" என்றார் அம்மையார்.

அன்றிரவே கோயில் திடலில் கூட்டம் போட்டோம். அடுத்த ஆண்டுப் பட்டியலில் ஒரு நாளைக் கழித்துக் கிறிஸ்மஸைச் சேர்க்கச் சொல்லிக் கடிதம். முதல் கையெழுத்துப் போட்டவர் மாரியம்மன் கோயில் தலைவர். "தீவாளிக்கு அவங்க வீட்டுப் பிள்ளைங்கதானே நமக்குப் பந்தல் கட்டுதுங்க, போடுங்கய்யா" என்று மற்றவர்களிடம் தாளை நீட்டினார். மொத்தம் 41 பேர். கடிதம் மறுநாள் காலை ஆபீசுக்குப் போய்விட்டது. புதிய பட்டியல் இன்னும் ஒட்டப்படவில்லை.