சிவப்பு காலிப்பரும் சில மைக்ரான்களும்

கார் வாங்கி மூன்று மழைக்காலம் போயிருக்கும். அலாய் வீலைக் கழுவித் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தால், பளபளக்கும் ஆரங்களுக்குப் பின்னால் துருவேறிய இரும்புக் கட்டி ஒன்று தெரியும். அதுதான் பிரேக் காலிப்பர். இரும்பு ரிம்மும் வீல் கப்பும் இருந்த காலத்தில் அது யார் கண்ணிலும் பட்டதில்லை. வீல் பெரிதாகி, ஆரங்கள் மெலிந்து, இடைவெளி அகன்ற பிறகு காலிப்பரும் காரின் வெளித்தோற்றத்தில் சேர்ந்துவிட்டது. அதற்குச் சிவப்போ மஞ்சளோ அடித்து அழகு பார்க்க ஆசைப்படுகிறவர்களும் பெருகிவிட்டார்கள்.

ஆசையைச் சொன்னதுமே இரண்டு விதமான அறிவுரை வரும். பெயிண்ட் அடித்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும், பிரேக் பிடிக்காது என்பார் ஒருவர். அதெல்லாம் ஒன்றும் ஆகாது, ஸ்பிரேயை எடுத்து அடித்துவிடு என்பார் இன்னொருவர். இரண்டையும் நம்ப வேண்டாம். சூட்டைப் பொறுத்தவரை அந்தப் பூச்சு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் படக்கூடாத இடத்தில் பட்டுவிட்டால், தலைமுடியின் பருமனே உள்ள அதே பூச்சு பிரேக்கின் வேலையைக் கெடுத்துவிடும்.

முதலில் சூடு. 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதில் சுமார் 4.6 லட்சம் ஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. பிரேக் பிடித்து நிறுத்தினால் அது கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாக மாறுகிறது. ஒன்றரை லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வளவு வெப்பம் போதும். வேகம் பாதியானால் ஆற்றல் கால்வாசியாகிவிடும் என்பதால் ஊருக்குள் ஓட்டும்போது பிரேக் அதிகம் சுடுவதில்லை. மலையிறக்கம் அப்படியல்ல. ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். அதே கார் அந்த உயரத்தை இழக்கும்போது வெளிவரும் ஆற்றல் 2.2 கோடி ஜூல். நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏறக்குறைய 48 முறை நிறுத்துவதற்குச் சமம். இதில் ஒரு பங்கை இன்ஜினும் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள் என்று மலைப்பாதையில் பலகை வைப்பது இதற்காகத்தான். நியூட்ரலில் இறங்குகிறவர் மொத்தச் சுமையையும் பிரேக்கின் தலையில் கட்டுகிறார்.

இந்த வெப்பத்தில் பெரும்பங்கு வார்ப்பிரும்பு டிஸ்க்குக்குப் போகிறது. காலிப்பருக்குள் இருக்கும் பேட்கள் அதைத்தான் இருபுறமும் கவ்விப் பிடிக்கின்றன. நீண்ட இறக்கத்தில் டிஸ்க் 300, 400 டிகிரி செல்சியஸை எட்டிவிடலாம். காலிப்பருக்கு வந்து சேருவது மிச்சம்தான். பேடின் பின்தகடு வழியாகவும் அதைத் தள்ளும் பிஸ்டன் வழியாகவும் மெல்ல ஏறுவது கொஞ்சம், டிஸ்க்கிலிருந்து நேராகக் கதிர்வீசுவது கொஞ்சம். காலிப்பருக்குள் பிரேக் ஆயில் இருக்கிறது. ஆகவே காலிப்பர் அளவுக்கு மீறிச் சூடாகக் கூடாது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரையும், டாட் 4 வகை 230 டிகிரி வரையும் கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. ஈரம் ஏறியபின் அந்த வரம்புகள் 140, 155 என்று இறங்கிவிடுகின்றன. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கிவிடும். பெடலை மிதித்தால் கால் தரை வரை போகும், வண்டி நிற்காது.

கடையில் விற்கும் காலிப்பர் பெயிண்ட் டப்பாக்கள் சிலவற்றில் 480 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கும். அவ்வளவு சூட்டை உங்கள் காலிப்பர் பார்க்கிற நிலை வந்தால், அதற்கு வெகு முன்பே பிரேக் ஆயில் கொதித்திருக்கும். பெயிண்டுக்குப் பெரிய தொகை செலவிடுகிறவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்ற யோசிப்பது எனக்குப் புரியாத ஒன்று. வண்டியை நிறுத்துவது அந்த ஆயில்தான்.

சரி, பூச்சு வெப்பத்தைத் தடுக்கிறதா? 100 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு அடித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயிண்ட் வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பது உண்மைதான். ஆனால் கனம் மிகக் குறைவு. ஓடும் காரின் காலிப்பர் 150 டிகிரியில் இருந்தால், அந்தப் படலத்தின் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் வரும் வித்தியாசம் மூன்று டிகிரி அளவே. வெப்பம் வெளியேறுவதில் உண்மையான தடை, உலோகத்தை உரசிக்கொண்டு போகும் காற்றுதான். அதன் முன் பெயிண்ட் போடும் தடை நூறில் இரண்டு மூன்று பங்குகூடத் தேறாது.

கறுப்பு அடித்தால் சீக்கிரம் ஆறும் என்ற நம்பிக்கையும் உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் கறுப்பும் சிவப்பும் வெவ்வேறு. காலிப்பர் வீசுவது அகச்சிவப்புக் கதிர். அந்த அலைவரிசையில் கறுப்பு, சிவப்பு, மஞ்சள், வெள்ளை எல்லாப் பெயிண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்பழுக்கில்லாத அலுமினியம் அந்தக் கதிரை மிகக் குறைவாகவே வீசும். எனவே பளபளப்பான அலுமினியக் காலிப்பருக்குப் பெயிண்ட் அடித்தால் அது கொஞ்சம் கூடுதலாகவே ஆறும். துருப்பிடித்த இரும்பு ஏற்கெனவே நன்றாகக் கதிர்வீசுவதால் அங்கே லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

வண்ணத்துக்கு அர்த்தம் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் போர்ஷே நிறுவனத்தார். 1995-இல் வந்த அவர்களுடைய 993 வரிசை டர்போவின் சிவப்பு காலிப்பர்களுக்கு ரசிகர்கள் ‘பிக் ரெட்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பின்னர் மஞ்சள் வந்தது. அது பீங்கான் கலப்பு டிஸ்க் பூட்டிய வண்டியின் அடையாளம். மின்சாரமும் பெட்ரோலும் சேர்ந்து ஓடும் வகைகளுக்கு எலுமிச்சை கலந்த பச்சை. டங்ஸ்டன் கார்பைடு பூசிய டிஸ்க்குக்கு வெள்ளை, 2017-இல் கயான் காரோடு வந்தது. அந்த டிஸ்க்கில் பிரேக் தூசி குறைவாக எழுவதால் வெள்ளை காலிப்பர் வெள்ளையாகவே நிற்கும். ஒரு பொறியாளர் தன் வேலையின் தரத்தை இதைவிட நேர்த்தியாகக் காட்டிவிட முடியாது என்று நினைக்கிறேன். நம் சின்னக் காருக்கு மஞ்சள் அடித்தால் டிஸ்க் பீங்கானாகிவிடாது. அழகுக்காக அடிக்கிறோம், அவ்வளவே. அதில் தவறேதும் இல்லை.

எந்தப் பெயிண்ட் என்பதில்தான் வேதியியல் வருகிறது. கதவுக்கும் கேட்டுக்கும் அடிக்கும் சாதாரண எனாமலின் பிசின், கார்பன் சங்கிலிகளால் ஆனது. 150 டிகிரியை ஒட்டி அது பழுக்கத் தொடங்கும், பிறகு உரியும். வெப்பம் தாங்கும் பெயிண்டுகளில் சிலிகான் பிசின் இருக்கும். சிலிக்கனும் ஆக்சிஜனும் கைகோத்த பிணைப்பை உடைக்க, கார்பன்–கார்பன் பிணைப்பை உடைப்பதைவிடக் கூடுதல் ஆற்றல் வேண்டும். இவ்வகைப் பெயிண்ட் காற்றில் உலர்ந்துவிட்டாலும் இறுகி முடிந்திருக்காது. ஒருமுறை நன்றாகச் சூடேறினால்தான் முழு வலு வரும். அதற்கு முன் நகம் பட்டாலே கீறிவிடும். இன்னொரு வகை, ஹார்ட்னர் கலந்து தூரிகையால் பூசும் இரு பகுதிப் பெயிண்ட். பிரேக் ஆயிலைத் தாங்குவதில் இது மேல். பிரேக் ஆயில் கிளைக்கால் ஈதர் வகையைச் சேர்ந்தது, பல பெயிண்டுகளைக் கரைத்துவிடும். பானெட்டில் ஒரு சொட்டு விழுந்து சுருங்கிப்போன இடத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

நிறமிகளுக்கும் தனித்தனிக் குணம் உண்டு. மஞ்சள் இரும்பு ஆக்சைடு தன் அணுக்கட்டமைப்பில் நீரை வைத்திருக்கிறது. 180 டிகிரியைத் தாண்டும்போது அந்த நீர் வெளியேறத் தொடங்கி, மஞ்சள் செம்மண் நிறத்துக்கு மாறும். சிவப்பு இரும்பு ஆக்சைடு ஏற்கெனவே நீரை இழந்தது, அது அசையாது. சூட்டில் நிறம் மாறும் இதே குணத்தைப் பந்தயக்காரர்கள் வெப்பமானியாகப் பயன்படுத்துகிறார்கள். டிஸ்க்கின் விளிம்பில் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என மூன்று பெயிண்டுகளை இழுத்துவிட்டு வண்டியை ஓட்டுவார்கள். பச்சை 430 டிகிரியில் வெளுக்கும், ஆரஞ்சு 560-இல், சிவப்பு 610-இல். வண்டி திரும்பி வந்ததும் எது வெளுத்திருக்கிறது என்று பார்த்தால் டிஸ்க் எவ்வளவு சூடேறியது என்பது தெரிந்துவிடும்.

இனி ஆபத்து உள்ள இடத்துக்கு வருவோம். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது மிதக்கும் காலிப்பர். ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன். அது உள்பக்கப் பேடைத் தள்ளும்போது, காலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின் மேல் வழுக்கி வந்து வெளிப்பக்கப் பேடையும் இழுத்து அழுத்தும். காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னிழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் அழுத்தத்தில் சற்று முறுக்கிக்கொண்டு, அழுத்தம் நீங்கியதும் தன் நிலைக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் இழுத்துக்கொள்கிறது. இழுக்கும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அந்தச் சிறு இடைவெளியை நம்பித்தான் சக்கரம் உரசாமல் சுழல்கிறது.

இப்போது 100 மைக்ரான் பூச்சை மீண்டும் நினைத்துப் பாருங்கள். பேடின் இரு முனைகளிலும் காதுபோல நீண்டிருக்கும் பகுதி ஒரு பள்ளத்துக்குள் வழுக்கி ஓடும். அந்தப் பள்ளத்தில் பெயிண்ட் படிந்தால் பேட் இறுகும், முன்னே போனது பின்னே வராது. வண்டி இழுவையாக ஓடும், மைலேஜ் குறையும், ஒரு வீல் மட்டும் தொட முடியாத அளவுக்குச் சுடும். பின்களின் ரப்பர் உறை, பிஸ்டனின் தூசி உறை, காற்று எடுக்கும் நிப்பிள் ஆகியவற்றிலும் பெயிண்ட் ஒட்டக்கூடாது. பின்களுக்குச் சிலிகான் கிரீஸ் மட்டுமே போட வேண்டும். சாதாரண பெட்ரோலியக் கிரீஸ் பட்டால் அந்த ரப்பர் ஊதிப் பெருத்துவிடும்.

இதைவிட நுட்பமான இடம், டிஸ்க் போய் உட்காரும் ஹப்பின் முகம். காலிப்பரோடு டிஸ்க்கின் நடுப்பகுதிக்கும் வண்ணம் அடிக்கிறவர்கள் பலர். கழற்றி அடித்தால் டிஸ்க்கின் பின்பக்கத்திலும் ஹப்பின் முகத்திலும் பெயிண்ட் சற்றே படிந்துவிடும். ஹப்பின் ஒரு ஓரத்தில் 50 மைக்ரான் தூக்கல் இருந்தால், டிஸ்க்கின் வெளிவிளிம்பில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆட்டமாகத் தெரியும். பல கார்களில் அனுமதிக்கப்பட்ட ஆட்டமே 50 முதல் 100 மைக்ரான்தான். அடித்த அன்றைக்கு எதுவும் தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் ஒரே இடம் பேடை இலேசாக உரசிக்கொண்டே போகும். சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிந்திருக்கும். பிரேக் மிதித்தால் பெடல் துடிக்கும், ஸ்டீயரிங் நடுங்கும். டிஸ்க் வளைந்துவிட்டது, புதிது போடுங்கள் என்பார் மெக்கானிக். புதிது போட்டாலும் அதே ஹப்பில்தான் உட்காரும். பெயிண்டைச் சுரண்டி எடுக்காதவரை நடுக்கம் திரும்பத் திரும்ப வரும்.

காலிப்பரின் மேல் பொருத்திக்கொள்ளும் வண்ண உறைகளும் விற்பனைக்கு வருகின்றன. பெரிய பந்தயக் காலிப்பர் போலத் தோன்றும் பிளாஸ்டிக்கோ அலுமினியமோதான் அது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெயிண்ட் செய்யாததை இது செய்கிறது. காலிப்பருக்கும் காற்றுக்கும் நடுவே ஒரு சுவரை எழுப்புகிறது. பிடிப்பு தளர்ந்தால், சுழலும் வீலுக்கும் காலிப்பருக்கும் நடுவே விழுவதற்கு இதைவிட மோசமான பொருள் இல்லை.

பவுடர் கோட்டிங் அழகாகவும் உறுதியாகவும் நிற்கும். ஆனால் 180 முதல் 200 டிகிரி வரை அடுப்பில் வேக வைக்க வேண்டும். ரப்பர் அதைத் தாங்காது. பிஸ்டனையும் சீல்களையும் கழற்றிவிட்டுத்தான் கொடுக்க முடியும். திரும்பப் பூட்டும்போது புது சீல் போட்டு, பிரேக் ஆயில் ஊற்றி, காற்று எடுக்க வேண்டும். இது கைதேர்ந்த மெக்கானிக்கின் வேலை, வீட்டு வாசலில் செய்வதல்ல.

வீட்டில் செய்வதானால் தூரிகையே நல்லது. ஸ்பிரே தூவல் டிஸ்க்கின் உரசும் முகத்துக்கும் பேடுக்கும் பறந்துவிடும். டிஸ்க்கைத் துடைத்துவிடலாம், பெயிண்ட் குடித்த பேடை மாற்றத்தான் வேண்டும். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாமல் ஸ்டாண்டு கொடுங்கள். பிரேக் தூசியை ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் துடையுங்கள், பழைய பேடில் கல்நார் இருக்கலாம். துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, பிரேக் கிளீனரால் எண்ணெய்ப்பசையைப் போக்குங்கள். பெயிண்ட் உரிவதற்குச் சூட்டைவிடப் பெரிய காரணம், அடியில் விட்டுவைத்த துருவும் பசையும்தான். காலிப்பரைக் கழற்றினால் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டித் தூக்கி வையுங்கள். கனமாக ஒரு கோட் அடிப்பதைவிட மெல்லிதாக இரண்டு கோட் அடித்தால் வழியாது. எல்லாம் பூட்டி முடித்ததும், இன்ஜினைக் கிளப்பி, வண்டியை நகர்த்தும் முன்பு பெடல் இறுகும் வரை பல முறை மிதியுங்கள். பேடுக்கு இடம் செய்வதற்காக உள்ளே தள்ளிய பிஸ்டன் அப்போதுதான் பழைய இடத்துக்கு வந்து சேரும். இதை மறந்தால் வாசலைத் தாண்டும்போது முதல் மிதி வெறும் மிதியாகப் போய்விடும்.